பின்வாசல் சாவி யாரிடம்?

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முதல் கடிதமே பாதிப் பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு அவசரம், எனக்கோ பழைய ஞாபகம்.

கேள்வி: ஐயா, தேவகோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஈ.டி.பி. (கணினி) பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ‘ஐபிஎம் ஐ’ இயங்குதளம் ஓடும் பவர் சர்வர் ஒன்று இருக்கிறது. இரவுதோறும் எல்டிஓ டேப்பில் பேக்கப் எடுக்கிறோம், ஒரு நாளும் தவறியதில்லை. போன மாதம் வந்த ஆடிட்டர், ‘டிஸ்க் போய்விட்டால் இந்த டேப்பை வைத்து மெஷினைக் கிளப்ப முடியுமா?’ என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முடியுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: இந்த வகை மெஷினில் முடியும். உங்கள் மெஷினில், உங்கள் டேப்பில் முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நீங்களே ஒரு நாள் சோதித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தம்பி, ஆடிட்டரிடம் சொன்னதில் தப்பில்லை. பார்க்காமல் சொன்னதுதான் உறுத்துகிறது.

நம் ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தினமும் புழங்குவது முன்வாசல். பின்வாசல் கல்யாணம் காட்சிக்கு, பாத்திரம் இறக்க, சமையல்காரர்கள் வந்துபோக. மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். அந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று சட்டென்று கேட்டால் பாதி வீட்டில் பதில் வராது.

உங்கள் மெஷினும் அப்படித்தான். அது எழுந்திருப்பதற்கு ஐபிஎல் என்று பெயர். (கிரிக்கெட் இல்லை. உங்கள் மெஷினின் மூதாதையான ஏஎஸ்/400 வந்த 1988-லேயே நாங்கள் ஐபிஎல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கிரிக்கெட்காரர்கள் இருபது வருடம் கழித்து வந்தார்கள். அதேபோல கீழே எல்ஐசி என்று வருவதும் இன்சூரன்ஸ் இல்லை, மெஷினின் அடிப்படை நிரல்.) இந்த எல்ஐசி முதல் டிஸ்கில், அதாவது லோட் சோர்ஸ் டிஸ்கில், ஏ என்றும் பி என்றும் இரண்டு பிரதிகளாக இருக்கும். வழக்கமாக பி-யில் ஓட்டுவோம். ஏ, பி இரண்டுமே முன்வாசலின் இரண்டு கதவுகள். அந்த டிஸ்கே போய்விட்டால் இரண்டு கதவும் ஒன்றாகப் போய்விடும். அப்போது வேண்டியதுதான் டி. வெளியே இருக்கும் ஒரு சாதனத்திலிருந்து, டேப்போ சிடியோ, எல்ஐசியை எடுத்து எழுந்திரு என்று சொல்வது. அதுதான் பின்வாசல்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். இரவுதோறும் பேக்கப் ஒழுங்காக நடக்கிறது என்கிறீர்கள். அதை வைத்து அந்த டிரைவிலிருந்து மெஷின் எழும் என்று சொல்ல முடியாது. பேக்கப் எடுக்கும்போது இயங்குதளம் முழுக்க விழித்திருக்கிறது. எந்த ஸ்லாட்டில் எந்த கார்டு, அதில் எந்த டிரைவ் என்று எல்லாம் அதற்குத் தெரியும். டிரைவை எங்கே மாட்டியிருந்தாலும் தேடிப் பிடித்து எழுதிவிடும். எழுந்திருக்கும் நேரத்தில் இயங்குதளமே கிடையாது. மெஷினுக்கு அப்போது தெரிவதெல்லாம் ‘மாற்று ஐபிஎல் சாதனம் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று குறித்து வைத்திருக்கும் அந்த ஒரே இடம். டிரைவ் அங்கே இருந்தால் சரி. பக்கத்து ஸ்லாட்டில் இருந்தால் அது சென்னையில் இருப்பதும் ஒன்றுதான்.

பழைய மாடல்களில் முதல் பஸ்ஸில்தான் (ஊர்ப் பஸ் இல்லை, கார்டுகளை மெஷினோடு இணைக்கும் தடம்) டிரைவ் இருக்க வேண்டும், அதன் முகவரி எண்ணும் சரியாக இருக்க வேண்டும். எந்த எண் என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும். உங்களுடையது புது மெஷின், எச்எம்சி (மெஷினை வெளியிலிருந்து நிர்வகிக்கும் பெட்டி) வைத்து, ஒரே மெஷினைப் பல மெஷின்போலப் பார்ட்டிஷன் பிரித்திருப்பீர்கள். அப்படியானால் அந்தப் பார்ட்டிஷனின் புரொஃபைலில் ‘டேக்டு ஐ/ஓ’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். லோட் சோர்ஸ், மாற்று ரீஸ்டார்ட் சாதனம், கன்சோல் என்று வரிசையாக இருக்கும். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அங்கே உங்கள் டேப் மாட்டியிருக்கும் கார்டின் ஸ்லாட்டைக் குறித்திருக்கிறார்களா, வெறுமையாக விட்டிருக்கிறார்களா? அல்லது எப்போதோ கழற்றிப்போட்ட கார்டின் பெயர் நிற்கிறதா? கார்டை மாற்றும் இன்ஜினியர், பேக்கப் ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது டேப்பில் என்ன இருக்கிறது என்பது. நூலகங்களை (ஃபைல்களும் நிரல்களும் இருக்கும் தொகுப்புகள்) மட்டும் எழுதிய டேப்பில் எழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. இரவு பேக்கப் என்றால் பெரும்பாலும் அதுதான். எல்ஐசியும் இயங்குதளமும் டேப்பில் ஏற வேண்டுமென்றால் ‘சேவ்சிஸ்’ என்ற கட்டளை போட்டிருக்க வேண்டும். அல்லது ‘கோ சேவ்’ மெனுவில் 21-ஆம் எண், அதுதான் மெஷின் முழுவதையும் எடுப்பது. 22-உம் சேவ்சிஸை உள்ளடக்கியதுதான். 23 என்றால் நம் தரவு மட்டும், எழுப்ப உதவாது. சேவ்சிஸுக்கு எல்லாச் சப்சிஸ்டத்தையும் நிறுத்த வேண்டும், கன்சோலில் ஒருவர் மட்டும் உட்கார வேண்டும். ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கிற மில்லில் அதற்கு நேரம் கேட்டால் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அது தள்ளிப்போகிறது. உங்கள் கடைசி 21 எந்தத் தேதி? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழை. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மில்லில் நான் சிஸ்டம் ஆபரேட்டர். மெஷின் ஏஎஸ்/400. காலையில் வந்து ஏ.சி. அறைக் கதவைத் திறந்தால் பேனலில் மஞ்சள் விளக்கு. லோட் சோர்ஸ் டிஸ்க் போய்விட்டது. ஒரு டிஸ்க் போனாலும் தரவைக் காக்கும் பாரிட்டி இல்லை, மிரரிங் இல்லை. இரண்டுக்கும் கூடுதல் டிஸ்க் வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இரண்டு பட்ஜெட் தாண்டியிருந்தது.

மதுரையிலிருந்து இன்ஜினியர் புது டிஸ்கோடு பதினொரு மணிக்கு வந்துவிட்டார். நான் பதறவில்லை. ஆயுத பூஜைக்கு மில்லை நிறுத்தியபோது 21 போட்டு எடுத்த டேப் பீரோவில் இருந்தது. சனிக்கிழமை எடுத்த தரவு டேப்பும் இருந்தது. கொஞ்சம் கர்வமாகவே டேப்பை எடுத்து வெளி டிரைவில் நுழைத்தேன். பேனலில் 02 கொண்டுவந்து டி, எம் (மேனுவல்) என்று வைத்து, வெள்ளைப் பொத்தானை அழுத்தினோம்.

பேனலில் எண்கள் ஓடின. சி என்று தொடங்கினால் வேலை நடக்கிறது, பி என்றால் கோளாறு, ஏ என்றால் உங்கள் கையை எதிர்பார்த்து நிற்கிறது. இது எங்களுக்குப் பாலபாடம். ஏ-யில் போய் நின்றது. டேப் டிரைவில் ஒரு அசைவும் இல்லை. மறுபடி செய்தோம். மறுபடியும் ஏ.

இன்ஜினியர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து கேபிளைத் தடவிக்கொண்டே போய் நிமிர்ந்தார்.

“சார், இந்த டேப் கார்டு எப்ப போட்டது?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய டேப்புல எடம் பத்தலன்னு வாங்கினோம்.”

“மெஷின் இதைத் தேடவே இல்ல சார். அது சிடி டிரைவத் தேடுது. மெஷினோட வந்த சிடி எங்க?”

“எந்த சிடி?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, என்னையே பார்த்தார்.

விஷயம் இதுதான். மெஷினுக்குள் இருந்த சிடி டிரைவ்தான் மாற்று ஐபிஎல் சாதனமாக அமைந்திருந்தது. வெளி டேப் வேறு பஸ்ஸில் இருந்தது. இரண்டு வருடமாக அந்த டேப்பில் எழுதினோம், படித்தோம், ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து எழுப்பிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. எல்ஐசி இருக்கும் முதல் சிடியைப் போட்டு எழுப்பிவிட்டு, ‘மிச்சத்தை அந்த டேப்பிலிருந்து எடுத்துக்கொள்’ என்று சொல்ல முடியும். இதற்கு மாற்று நிறுவல் சாதனம் என்று பெயர். மாற்று ஐபிஎல் சாதனம் வேறு, மாற்று நிறுவல் சாதனம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இன்றும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கதவைத் திறப்பது, பின்னது சாமானை உள்ளே இறக்குவது. ஒரு நிபந்தனை உண்டு: சிடியின் ரிலீஸும் (மென்பொருளின் பதிப்பு) டேப்பின் ரிலீஸும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, சிடி? மெஷின் வந்த அன்றைக்கே, ‘விலை உயர்ந்த சாமான், மில்லில் வேண்டாம்’ என்று முதலாளி அந்தப் பெட்டியைக் கானாடுகாத்தான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அங்கே இரண்டாம் கட்டு அறையில் பெட்டகத்துக்குள் இருந்தது. முதலாளி சென்னையில். பெட்டகச் சாவி ஆச்சியிடம். ஆச்சி உங்கள் ஊருக்குத்தான், தேவகோட்டைக்கு, ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்றைக்கு யார் கையில் செல்போன்? டிரைவர் மழையில் அம்பாசடரை ஓட்டிக்கொண்டு சாந்தி வீட்டுக்கே போய், பந்தியில் ஆச்சியைக் கண்டுபிடித்து, “மில்லுல மெஷின் படுத்துருச்சு ஆச்சி, பெட்டகச் சாவி வேணும்” என்று நின்றிருக்கிறார். “சாவியெல்லாம் தர மாட்டேன், நானே வர்றேன், மொதல்ல நீ சாப்பிடு” என்றாராம். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு ஆச்சி கானாடுகாத்தான் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, வெள்ளிச் சாமானுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார். மணி ஐந்து. இன்ஜினியர் சிடியைப் பையிலிருந்து எடுப்பதைப் பார்த்து, “இதுக்கா இந்த ஓட்டம்?” என்று ஒரே ஒரு கேள்வி.

சிடி உள்ளே போனதும் பத்து நிமிடத்தில் கன்சோலில் மொழி கேட்டது. 2924, ஆங்கிலம். பிறகு எல்ஐசி நிறுவும் திரை. அங்கே 3-ஆம் எண்ணில் போய் டேப் இருக்கும் பஸ்ஸை மாற்று நிறுவல் சாதனமாகக் குறித்தோம். அப்புறம் எல்ஐசி, டிஸ்க் அமைப்பு, இயங்குதளம், பயனர் விவரங்கள், கன்ஃபிகரேஷன், நூலகங்கள் என்று விடிய விடிய ஓடி, மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு சைன் ஆன் திரை வந்தது. வந்த சந்தோஷத்தில் கடைசியாகப் போட வேண்டிய ‘ஆர்எஸ்டிஆட்’ கட்டளையைப் போடாமல் விட்டோம். அது போட்டால்தான் யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள் திரும்பும். கோடவுனில் நூல் மூட்டைக்கு கேட் பாஸ் போட உட்கார்ந்தவருக்கு அனுமதி இல்லை என்று வந்தது. லாரி இரண்டு மணி நேரம் நின்றது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மில் நிற்கிற ஒரு நாளைப் பிடியுங்கள், மாட்டுப் பொங்கல் நல்ல நாள். முதலில் முழுசாக 21 போட்டு, அந்த டேப் நன்றாக முடிந்ததா என்று லாகில் பாருங்கள். மெஷினை முறையாக நிறுத்துங்கள். அந்த டேப்பையே டிரைவில் விட்டு, எச்எம்சியில் பார்ட்டிஷனின் ஐபிஎல் மூலத்தை டி என்றும் கீலாக்கை மேனுவல் என்றும் மாற்றிக் கிளப்புங்கள். டேப் லைப்ரரி (கார்ட்ரிட்ஜ்களைத் தானே எடுத்து மாட்டும் பெட்டி) வைத்திருந்தால் அதை சீக்வென்ஷியல் நிலைக்கு மாற்றி, கார்ட்ரிட்ஜை நீங்களே டிரைவில் ஏற்றி வைக்க வேண்டும். எழுந்திருக்கும் மெஷின் லைப்ரரியின் கையிடம் ‘அந்தக் கார்ட்ரிட்ஜை எடு’ என்று கேட்காது. காத்திருங்கள். கன்சோலில் மொழித் திரையும் அதற்கடுத்து எல்ஐசி நிறுவும் திரையும் வந்தால் உங்கள் பின்வாசல் திறக்கிறது. அவ்வளவுதான் சோதனை.

அந்த மெனுவில் 1-ஐ மட்டும் தொடாதீர்கள். அதற்குள் போனால் ‘நிறுவி, சிஸ்டத்தை இனிஷியலைஸ் செய்’ என்று ஒன்று இருக்கிறது. அது டிஸ்கைத் துடைத்துவிடும். எஃப்10 கேட்டு உறுதி செய்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் எஃப்10 அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். திரையைப் பார்த்ததும் நிறுத்தி, பி, நார்மல் என்று திருப்பி வைத்து வழக்கம்போலக் கிளப்புங்கள். பி-க்குத் திருப்ப மறந்தால் அடுத்த முறை மெஷின் மறுபடி டேப்பைத் தேடும்.

இன்னொன்று. அந்த நாளிலேயே டிஎஸ்டி (இயங்குதளத்துக்கு அடியில் இருக்கும் சேவைக் கருவிகள்) கடவுச்சொல் யாருக்காவது தெரியுமா என்றும் பாருங்கள். தினசரி நுழையும் கியூசெக்ஆஃபர் (பாதுகாப்பு அதிகாரியின் கணக்கு) வேறு, டிஎஸ்டியில் இருக்கும் கியூசெக்ஆஃபர் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒரே கடவுச்சொல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆடிட்டரிடம் பொங்கல் கழித்து அந்தத் திரையின் புகைப்படத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மேனேஜர், ‘டிஸ்கிலேயே மெய்நிகர் டேப் வைத்துக்கொள்ளலாம், டேப் டிரைவ் பழைய சாமான், விற்றுவிடலாம்’ என்கிறார். சரியா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: பேக்கப்புக்கு மெய்நிகர் டேப் வேகமானது, நல்லது. ஆனால் ‘ஐபிஎம் ஐ’-யின் இமேஜ் கேட்டலாகில் இருக்கும் மெய்நிகர் டேப்பிலிருந்து டி ஐபிஎல் செய்ய முடியாது. வீட்டுக்குள் இருக்கும் சாவியால் வெளிக் கதவை எப்படித் திறப்பது? வெளியே தனிப் பெட்டியாக நின்று, ஃபைபர் வழியாக அசல் எல்டிஓ போலவே நடிக்கும் விடிஎல் (மெய்நிகர் டேப் லைப்ரரி) வேறு விஷயம், அதில் செய்யலாம். அது இல்லாமல் டிரைவை விற்கக் கிளம்பினால், முதலில் அவரை மேலே உள்ள கதையைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். ஆய்வகத்தில் ஒரு சாதாரண இன்டெல் சர்வரில் பழைய டேப் டிரைவ் மாட்டினோம். பயாஸில் பூட் வரிசையில் டேப் என்று ஒன்று வரவே இல்லை. ஏன்? (மாணவி, காரைக்குடி)

பதில்: வராது அம்மா. பிசி வழி வந்த பயாஸுக்கு (மெஷினை எழுப்பும் முதல் நிரல்) ஃபிளாப்பி தெரியும், டிஸ்க் தெரியும், சிடி தெரியும், நெட்வொர்க் தெரியும், டேப் தெரியாது. மிட்ரேஞ்ச் மெஷின்காரர்கள் டேப்பிலேயே மென்பொருளை வாங்கி டேப்பிலேயே எழுப்பிப் பழகியவர்கள். பிசிக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

ஆனால் எச்பி ஒரு குறும்பு செய்தது. ஓபிடிஆர் என்று பெயர். டிரைவின் எஜெக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், அந்த டேப் டிரைவ் தன்னை சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். பயாஸ் நம்பிவிடும். டேப்பின் தொடக்கத்தில் சிடி வடிவத்தில் எழுதி வைத்த துண்டிலிருந்து மெஷின் எழும். எழுந்தபின் டிரைவ் மறுபடி டேப்பாகி மிச்சத்தைக் கொடுக்கும். டிரைவ், கார்டு, பேக்கப் மென்பொருள் மூன்றும் இதை ஆதரித்தால்தான் நடக்கும். உங்கள் டிரைவின் முகப்பில் ஓபிடிஆர் என்று எழுதியிருந்தால் முயன்று பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) மெஷின். எம்கேசிஸ்பி டேப் எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் நம் ஃபைல் ஒன்றும் காணோம். டேப் காலியா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: காலி இல்லை, நீங்கள் வாசலிலேயே நின்று பார்க்கிறீர்கள். எம்கேசிஸ்பி டேப்பில் நான்கு பகுதிகள். முதலாவது மெஷினை எழுப்பும் பூட் படிமம், இரண்டாவது நிறுவும் நிரல்கள், மூன்றாவது பேருக்கு ஒரு பொருளடக்கம், நான்காவதுதான் ரூட்விஜியின் (இயங்குதளம் இருக்கும் வால்யூம் குரூப்) பேக்கப். ரெஸ்டோர் கட்டளையிடம் நான்காவதைப் பார் என்று சொல்ல வேண்டும். டிரைவை ஆர்எம்டி0 என்று அழைக்காமல், ஓரிடம் படித்ததும் சுருட்டிக்கொண்டு தொடக்கத்துக்கு ஓடாத ஆர்எம்டி0.1 என்ற பெயரில் அழைக்க வேண்டும்.

இந்த டேப்பிலிருந்து எழுப்ப, பூட்லிஸ்டில் (எழும்போது தேடும் சாதனங்களின் வரிசை) டேப்பை டிஸ்குக்கு முன்னால் போடலாம், அல்லது எழும்போது வரும் எஸ்எம்எஸ் என்ற அமைப்பு மெனுவில் (செல்போன் செய்தி இல்லை) தேர்ந்தெடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பூட்லிஸ்டை மாற்றினால் திருப்பி வைக்க மறப்போம். அப்புறம், எம்கேசிஸ்பி ரூட்விஜியை மட்டும்தான் எடுக்கும். உங்கள் டேட்டாபேஸ் வேறு வால்யூம் குரூப்பில் இருந்தால் அதற்கு சேவ்விஜி தனியாகப் போடுங்கள்.

கேள்வி: எல்டிஓ-4 டிரைவ் பழுதாகிவிட்டது. எல்டிஓ-8 வாங்கச் சொல்கிறார்கள். பழைய டேப்புகள் அதில் ஓடும்தானே? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: ஓடாது. எல்டிஓ-7 வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு இரண்டு தலைமுறை முந்தைய டேப் வரை படிக்கும். எல்டிஓ-8 அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது, அது எல்டிஓ-7-ஐயும் தன்னையும் மட்டும் படிக்கும். எல்டிஓ-4 டேப்பைப் படிக்க 4, 5, 6 இவற்றில் ஒரு டிரைவ் வேண்டும். 800 ஜிபி டேப்பிலிருந்து 12 டிபி டேப்புக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். புது டிரைவ் வந்த அன்றைக்கே புது டேப்பில் 21 போட்டு, அதிலிருந்து எழுப்பியும் பாருங்கள். பழைய தரவு வேண்டுமென்றால் ஒரு பழைய எல்டிஓ-6 டிரைவைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது ஏஎஸ்/400 படித்தால் வேலை கிடைக்குமா? (வாசகர், கோட்டையூர்)

பதில்: கிடைக்கும், ஆனால் ஊரில் கிடைக்காது. பெயர்தான் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று மாறிக்கொண்டே வந்தது. 2022-இல் 7.5, 2025-இல் 7.6 என்று இன்னும் புது ரிலீஸ் வருகிறது. இந்த மெஷினின் நிரல்மொழியான ஆர்பிஜியோடு எஸ்கியூஎல்லும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: பொன்னமராவதியில் சிறிய நிதி நிறுவனம் நடத்துகிறோம். பேக்கப் டேப்பை எங்கே வைப்பது? வீட்டில் தாத்தா காலத்து இரும்புப் பெட்டி இருக்கிறது. அது போதுமா? (வாசகி, பொன்னமராவதி)

பதில்: திருடனுக்குப் போதும், நெருப்புக்குப் போதாது. காகிதத்தைக் காக்கும் தரத்தில் செய்த பெட்டியிலேயே தீ விபத்தின்போது உள்ளே 177 டிகிரி வரை ஏறலாம். பத்திரம் தப்பிக்கும், டேப் உருகிவிடும். டேப்புக்கென்று உள்ள தரத்தில் 52 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாத்தா பெட்டிக்கு எந்தத் தரமும் கிடையாது. அதனால் ஒரு டேப் ஆபீசில், இன்னொரு டேப் வேறு கட்டடத்தில் என்று வையுங்கள். அதுவே பெரிய பாதுகாப்பு.

நீண்ட நாள் வைப்பதற்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் நல்லது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மாடி அறை ஆகவே ஆகாது. சுண்ணாம்புச் சுவர் உள்ள கீழ்க்கட்டு அறை நன்றாகக் குளிர்ந்திருக்கும், ஆனால் மழைக்காலத்தில் அங்கே ஈரம் ஏறும். பெட்டகம் என்றால் பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, டேப் பக்கத்தில் வேண்டாம். கார்ட்ரிட்ஜைப் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். வேறிடத்திலிருந்து ஏ.சி. அறைக்குக் கொண்டுவந்தால் உடனே டிரைவில் போடாமல் ஒரு நாள் அங்கேயே ஆற விடுங்கள்.

எழுப்புவதற்கான டேப்பின் மேல் தேதி, ரிலீஸ், எந்த டிரைவில் எடுத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். மென்பொருள் சிடி ஏதாவது இருந்தால் அதே பையில் போடுங்கள். பூட்டுகிற இடத்தில் வைத்தால் இரண்டு சாவி, இரண்டு ஆள். அவர்கள் இருவரும் ஒரே கல்யாணத்துக்குப் போகிறவர்களாக இருக்கக் கூடாது. பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல், ‘அந்தப் பையைக் கொண்டு வா’ என்று ஆபீசில் ஒருவரை அனுப்பி, எத்தனை நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். எனக்கும் எழுதுங்கள். எங்கள் மில்லின் கணக்கு ஆறு மணி நேரம், அதில் சாந்தி வீட்டுச் சாப்பாடும் சேர்த்தி.